விடிவதற்குள்

அன்புள்ள ஐயா,

நான் மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருக்கிறேன். சில மாதங்களாக ஞாயிறுதோறும் எங்கள் சாலையோரத்தில் கிடக்கும் நெகிழிப் பைகளையும் பானப் புட்டிகளையும் பொறுக்கி மூட்டை கட்டுகிறேன். தோட்டி வேலை என்று அண்டை வீட்டார் சொல்வார்களே என்று ஐந்து மணிக்கே எழுந்து, விடிவதற்குள் முடித்துவிடுகிறேன். மின்கம்பங்களில் வட்டி முதலைகள் ஒட்டிய விளம்பரங்களையும், மரங்களில் ஆணியடித்த பலகைகளையும் நானே அகற்றலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கடன் விளம்பரங்களைப் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, நகராண்மைக் கழகத்திடம் புகார் கொடுங்கள். தனியாக, அதுவும் இருட்டில், அவற்றில் கை வைக்காதீர்கள். மரத்தில் அடித்த பலகைகளுக்கும் அதே வழிதான். திருவிழா முடிந்து மாதக்கணக்கில் தொங்கும் நம் கோயில் பதாகையை மட்டும், நிர்வாகத்தினரிடம் சொல்லிவிட்டு நீங்களே அவிழ்க்கலாம்.

இவற்றைவிட, ‘விடிவதற்குள்’ என்று நீங்கள் எழுதிய சொல்தான் என்னைத் தைத்தது.

1970களில் நான் வளர்ந்த கித்தா (ரப்பர்) தோட்டத்தில், லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், கால்வாயைக் கழுவி, குப்பையைத் தள்ளுவண்டியில் ஏற்றி, கொசு பெருகாமலிருக்கத் தேங்கிய நீரில் எண்ணெய் தெளித்தவர் ஒருவர் இருந்தார். அவருடைய வீடு மற்ற வீடுகளை விட்டுத் தள்ளி, கடைசியில் இருந்தது. என் பாட்டி இரக்கமுள்ளவர். வேலை முடிந்து வாசலில் வந்து நிற்பவருக்குத் தவறாமல் தேநீர் கொடுப்பார். ஆனால் அதை, அவருக்கென்றே வேலிக்காலில் கவிழ்த்து வைத்திருந்த பால் டின்னில்தான் ஊற்றுவார். அவருடைய பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. உங்கள் அண்டை வீட்டார் சொல்லக்கூடும் என்று நீங்கள் அஞ்சுகிற அதே சொல்லால்தான், ஏழு வயதுப் பிள்ளையாக இருந்த நானும் அந்தப் பெரியவரை அழைத்தேன். 1901-இல் கிள்ளானில் வடிகால் வெட்டி மலேரியாவை அடக்கிய மருத்துவர் மால்கம் வாட்சனின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. எங்கள் லயத்துக் கால்வாயில் நாள்தோறும் இறங்கி எங்களைக் காத்தவரின் பெயர் எங்களுக்கே தெரியவில்லை.

தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்தபோது, சாமி படங்களோடு அந்தச் சொல்லையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். இன்று குப்பை லோரியின் பின்னால் தொற்றிக்கொண்டு வரும் வங்காளதேசத்துப் பிள்ளைக்கு, டின் இல்லாமலேயே அதே இடத்தைக் கொடுத்திருக்கிறோம்.

2026 ஜனவரி 1 முதல் பொது இடத்தில் குப்பை போடுபவருக்கு 2,000 ரிங்கிட் வரை அபராதமும், 12 மணி நேரம் வரை சமூகச் சேவையும் விதிக்கச் சட்டம் வந்திருக்கிறது. அபராதத்தை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் தெருக் கூட்டுவதை ஊர் பார்க்கும் தண்டனையாக்கும்போது, அதே தெருவைச் சம்பளத்திற்குக் கூட்டுகிறவரைக் குற்றவாளியின் பக்கத்தில் அல்லவா நிறுத்துகிறோம்? இந்தக் கேள்வி சில மாதங்களாக என்னை அரித்துக்கொண்டிருந்த வேளையில்தான் உங்கள் கடிதம் வந்தது.

உங்கள் மீது எனக்கு அன்பு உண்டு, கோபமும் உண்டு. வேலியோரம் கிடக்கும் புட்டியில் தேங்கும் சிறிதளவு நீரே ஏடிஸ் கொசுவுக்குப் போதும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். அண்டை வீட்டுக் குழந்தைக்கு டிங்கிக் காய்ச்சல் வராமல் தடுக்கும் வேலையைச் செய்துவிட்டு, திருடனைப் போல் இருட்டில் வீடு திரும்புகிறீர்களே, யாருக்குப் பயந்து? நீங்கள் ஒளிந்து செய்யும்வரை, அது இழிவான வேலை என்பதை உங்கள் கைகளாலேயே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். படித்தவர், நல்ல வேலையில் இருப்பவர் என்று உங்களை அறிந்தவர்கள் பார்க்க நீங்கள் குனிந்து எடுத்தால்தான் அந்தச் சொல்லின் பல் உடையும்.

வரும் ஞாயிறு எட்டு மணிக்கு, ஊரார் சந்தைக்குப் போகும் நேரத்தில் இறங்குங்கள். கையுறை அணிந்துகொள்ளுங்கள், உடைந்த கண்ணாடியைத் தனியே காகிதத்தில் சுற்றி வையுங்கள். லோரி வரும் நாளில், உங்கள் மூட்டையைத் தூக்கிப் போடும் அந்தப் பிள்ளையிடம் பெயரைக் கேட்டு, அந்தப் பெயராலேயே அவரை அழையுங்கள்.