தாலி கட்டினால் போக்சோ வழக்கு முடியுமா?

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. அவன் விரும்பிய பெண்ணுக்கு 17 வயது 7 மாதம். இருவரும் வெளியூர் போய் மூன்று நாளில் திரும்பினார்கள். பெண் வீட்டார் புகாரில் போக்சோ (18 வயதுக்குட்பட்டோரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்குப் பதிவாகிவிட்டது. "நானாகத்தான் போனேன்" என்று பெண்ணே சொல்கிறாள். இப்போது இரு வீட்டாரும் சமாதானமாகிவிட்டோம். கோயிலில் தாலி கட்டிவைத்தால் வழக்கு முடியுமா?

பதில்: முடியாது அம்மா. இன்னும் மோசமாகும்.

கடிதத்தில் பெண்ணின் தாய்மாமன் பேசியதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். வழக்குக்கு அது வேண்டாம். பெண் பிறந்த தேதிதான் வேண்டும். பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதியே கணக்கு. அது இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ். அதுவும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை.

18-க்கு ஒரு நாள் குறைந்தாலும் அவள் சம்மதம் உங்கள் மகனைக் காப்பாற்றாது. 40 வயதுக்காரன் மயக்கிக் கூட்டிப்போன சிறுமியும் "நானாகத்தான் போனேன்" என்றே சொல்வாள். சம்மதத்தை விசாரிக்கத் தொடங்கினால் கூண்டில் ஏறி "ஏன் கத்தவில்லை" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான். அந்தக் கேள்விக்கே இடம் வேண்டாம் என்று கோடு போட்டார்கள். 16-ஆக இருந்த கோடு 2012-இல் 18 ஆனது. 17 வயதுக் காதலும் அதில் சிக்குவது எனக்கு வருத்தம்தான். ஆனால் வயதைக் குறைக்க வேண்டாம் என்றே சட்ட ஆணையம் 2023-இல் பரிந்துரைத்தது.

இனி தாலிக்கு வருவோம். 16 முடிந்த, 18 ஆகாத பெண்ணோடு உடலுறவு நிரூபணமானால் குறைந்தபட்சம் 10 ஆண்டு சிறை. ஒரு தடவைக்கு மேல் என்றாலோ, கருவுற்றாலோ குறைந்தபட்சம் 20 ஆண்டு. விசாரணை நீதிபதி மனமிரங்கினாலும் அதற்குக் கீழே இறங்க முடியாது. கல்யாணம் செய்து ஒரே வீட்டில் வைத்தால் அந்த 20 ஆண்டுக்கான சாட்சியத்தை நீங்களே உண்டாக்குகிறீர்கள். கர்ப்பம் என்று ஆஸ்பத்திரி போனால் டாக்டர் போலீசுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். மனைவியோடு உறவு குற்றமாகாது என்ற விலக்கு 18-க்குக் கீழே கிடையாது என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கல்யாணத்தை நடத்திவைத்தவர்கள் மேல் குழந்தைத் திருமண வழக்கு தனியாக வரும்.

ஸ்டேஷனில் எழுதும் சமாதானக் காகிதத்தால் போக்சோ வழக்கு தானாக மூடப்படாது. காதல் வழக்கொன்றைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் ரத்து செய்தது உண்மை. அதை உரிமையாகக் கேட்க முடியாது. 2024-இல் உச்ச நீதிமன்றம், பெற்றோர் சமாதானமானதைக் காட்டி ரத்தான ஒரு போக்சோ வழக்குக்கு மறுபடி உயிர் கொடுத்தது.

மாஜிஸ்திரேட்டிடம் பெண் தரும் வாக்குமூலம் ஜாமீனுக்கு உதவும். ஜாமீன் கிடைத்தபின் மகன் அவளைப் பார்க்கவோ, போனில் பேசவோ, உறவினர் மூலம் சொல்லியனுப்பவோ கூடாது. சாட்சியைக் கலைத்ததாகச் சொல்லி ஜாமீன் ரத்தாகும். இன்னும் ஐந்து மாதம் அவள் தன் வீட்டிலேயே இருக்கட்டும். 18 முடிந்த பிறகு, அவளுக்கும் அப்போது விருப்பமிருந்தால், அவளே பிரமாண வாக்குமூலம் தர, உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போடுங்கள்.