காந்தம் ஒட்டவில்லை என்றால் அசல் எவர்சில்வரா?

கேள்வி: வேதாரண்யத்தில் குத்தகை உப்பளத்தில் பாடுபடுகிறேன். பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புக்கு ஷாஃப்ட் கடைய, தை மாதம் எவர்சில்வர் ராடு வாங்கினேன். கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி, "பாருங்க, ஒட்டல. அசல் 316" என்று எவர்சில்வரின் ரக எண்ணைச் சொன்னார். ஆவணிக்குள் ஷாஃப்ட் குழிகுழியாக அரித்துவிட்டது. காரைக்கால் பக்கம் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போகும் மச்சான், "எங்க டிரில் காலரும் (கிணறு துளைக்கும் கம்பியில் மாட்டும் கனமான குழாய்) காந்தம் ஒட்டாத ஸ்டீல்தான், பலம் ஜாஸ்தி. பழசு கிடைச்சா அதுல கடைஞ்சுக்குங்க" என்கிறார். செய்யலாமா? கடையில் பணம் திரும்பக் கேட்க வழி உண்டா?

பதில்: ஒரு பருவ உழைப்பின் நடுவே பம்பு நிற்பது என்ன நஷ்டம் என்று தெரியும். முதலில் அந்தக் காந்தத்தை மறந்துவிடுங்கள். அசல் 316-இல் சுமார் 10 சதவீதம் நிக்கலும், 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினமும் இருக்கும். உப்பைத் தாங்க உதவுவது அந்த மாலிப்டினம். நிக்கல் விலை அதிகம் என்பதால், அதைக் குறைத்து மாங்கனீசும் நைட்ரஜனும் சேர்த்த ரகங்கள் சந்தையில் நிறைய. 202, ஜே4 என்பார்கள். அவற்றிலும் காந்தம் ஒட்டாது. பளபளப்பும் அதேதான். பலம்கூட 304 என்ற வழக்கமான எவர்சில்வர் ரகத்தைவிடச் சற்று அதிகம். உப்புத் தண்ணீரில்தான் தோற்றுப்போகும்.

வீட்டு டம்ளரில் பாருங்கள். அடிப்பக்கம் காந்தத்தைச் சட்டை செய்யாது. சுருட்டி மடித்த விளிம்பு லேசாக இழுக்கலாம். ஒரே தகடுதான். மடிக்கும்போது உள்ளமைப்பு மாறிவிடுகிறது, அவ்வளவுதான்.

மச்சான் சொல்வது பொய்யில்லை. கிணறு எந்தத் திசையில் சாய்கிறது என்று பார்க்கும் கருவி பூமியின் காந்தத்தை நம்பி வேலை செய்கிறது. சாதாரண இரும்பு பக்கத்தில் இருந்தால் அளவு தப்பும். அதனால்தான் அங்கே குரோமியம், மாங்கனீசு, நைட்ரஜன் கலந்த காலர் போடுகிறார்கள். வளைந்துகொடுக்காமல் தாங்கும் பலம் சுமார் 750 மெகாபாஸ்கல் (பலத்தை அளக்கும் அலகு). 304-க்கு உறுதி சொல்லும் குறைந்தபட்ச அளவு 205 தான்.

ஆனாலும் உங்களுக்கு அது வேண்டாம். இந்த ரக ஸ்டீல் இழுவிசையில் இருக்கும்போது உப்பு பட்டால் வெடிப்பு விடும். அதற்காகவே காலரின் உள்துளையைச் சம்மட்டி அடி போல அடித்து இறுக்கித் தருகிறார்கள். லேத்தில் உளி உரச உரச மேல்பரப்பு இன்னும் கெட்டியாகும்; கடைபவர் திட்டுவார். பில் இல்லாத பழைய காலர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வேறு.

உப்பளத்துக்கு நான் சொல்வது 2205 டூப்ளெக்ஸ் என்ற எவர்சில்வர் ரகம். குரோமியம் 22, நிக்கல் 5, மாலிப்டினம் 3 சதவீதம். பலம் 450 மெகாபாஸ்கல். விலை கூடுதல்தான். இதில் காந்தம் நன்றாக ஒட்டும்! கடைக்காரர் முறைப்படி பார்த்தால் இது போலி. பம்பில் ஷாஃப்டைச் சுற்றி நீர் கசியாமல் அடைக்கும் கிளாண்டில் கிராஃபைட் கயிறு இருந்தால் மாற்றி டெஃப்லான் கயிறு போடுங்கள். கிராஃபைட் பட்ட இடத்தில் உப்புநீர் எவர்சில்வரை வேகமாக அரிக்கும். பம்பை நிறுத்தும்போதெல்லாம் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

இனி பணம். அடர்ந்த உப்புநீர் தேங்கினால் அசல் 316-உம் குழி விழும். துருவைக் காட்டி ஏமாற்று என்று சொன்னால் நிற்காது. ராடில் மிஞ்சிய துண்டை லேபில் கொடுத்து மாலிப்டினம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். 2 சதவீதத்துக்கு மிகவும் கீழே இருந்தால், பில்லில் '316' என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டும் இருந்தால் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள், அல்லது 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. வியாபாரத்துக்கு வாங்கியது என்று எதிர்த்தரப்பு வாதாடும். பிழைப்புக்காக நீங்களே இறங்கிச் செய்யும் சுயதொழில் என்று மனுவிலேயே எழுதுங்கள், சட்டம் அதை ஏற்கிறது. துண்டு முழுவதையும் லேபுக்குக் கொடுத்துவிட வேண்டாம். பாதியை வைத்திருங்கள், ஆணையமே சோதனைக்கு அனுப்பச் சொல்லலாம்.