உள்நாட்டுப் போர்க்கால டோக்கன்களை வைத்திருப்பது குற்றமாகுமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கும் நான், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது கடைக்காரர்கள் சில்லறைக்குப் பதிலாக வெளியிட்ட செப்பு டோக்கன்களைச் சேகரிக்கிறேன். தனியார் நாணயம் சட்டவிரோதமானது என்று நண்பர் ஒருவர் எச்சரிக்கிறார். மேலும், வியாபாரி ஒருவர் ‘1863, அசல்’ என்று ரசீதில் எழுதிக் கொடுத்து விற்ற டோக்கன் அண்மையில் வார்த்த போலி என்று நாணய நிபுணர் கூறிவிட்டார். நான் என்ன செய்யலாம்?

பதில்: நண்பர் குறிப்பிடும் தடை உண்மையானதே, ஆனால் அது உங்களைத் தொடாது. 1862இல் மக்கள் பொன், வெள்ளி நாணயங்களோடு ஒரு சென்ட் காசையும் பதுக்கியதால்தான் இந்த டோக்கன்கள் பிறந்தன. அவற்றை யாரும் அரசுப் பணமாக மாற்றித் தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. நியூயார்க் மதுக்கடைக்காரர் லிண்டன்முல்லர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட டோக்கன்களை வெளியிட்டார். பயணிகளிடமிருந்து அவற்றைக் கட்டணமாகப் பெற்றிருந்த மூன்றாம் அவென்யூ டிராம் நிறுவனம் மாற்றித் தருமாறு கேட்டபோது அவர் மறுத்துவிட்டார், நிறுவனத்துக்கும் வேறு வழி இருக்கவில்லை. பின்னர், 1864 ஏப்ரல் 22, ஜூன் 8 ஆகிய நாள்களின் சட்டங்கள் தனியார் நாணயத்துக்குத் தடை விதித்தன. அத்தடை இன்று கூட்டாட்சிக் குற்றவியல் தொகுப்பின் 486ஆம் பிரிவாக நீடிக்கிறது. நடப்புப் பணமாகப் பயன்படுத்தும் நோக்கத்துடன் உலோக நாணயம் செய்வதையும் புழக்கத்தில் விடுவதையுமே அப்பிரிவு தண்டிக்கிறது. பழம்பொருளாக வைத்திருப்பதோ சேகரிப்பாளருக்கு விற்பதோ அதில் அடங்காது.

போலி விஷயத்தில்தான் நீங்கள் விரைந்து செயல்பட வேண்டும். ‘அசல்’ என்று ரசீதில் எழுதித் தந்தது வணிகச் சட்டத்தின்படி வெளிப்படையான உத்தரவாதம் ஆகும். வியாபாரி அதை நம்பியே எழுதினார் என்பது அவருக்குத் தற்காப்பாகாது. குறையை அறிந்த பின் நியாயமான காலத்துக்குள் அவருக்குத் தெரிவிக்காவிட்டால் பரிகாரம் கோரும் உரிமையையே இழப்பீர்கள் என்பதால், நிபுணரின் எழுத்துப்பூர்வக் கருத்தை இணைத்து இந்த வாரமே கடிதம் அனுப்புங்கள். வழக்குத் தொடரப் பொதுவாக, பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து நான்கு ஆண்டுகள் அவகாசம் உண்டு.

இவை தவிர, 1973ஆம் ஆண்டின் பொழுதுபோக்குப் பாதுகாப்புச் சட்டம் டோக்கன்களையும் பெயர் சொல்லியே உள்ளடக்கி, போலிப் பிரதிகளில் ‘காப்பி’ என்ற சொல் அழியாதபடி பொறிக்கப்பட வேண்டும் என்கிறது. 2014 திருத்தத்துக்குப் பின் அக்குறியின்றி விற்பவரும் பொறுப்பாவார். ஆகவே, பணத்தை மீட்கும் நோக்கில் அந்த டோக்கனை நீங்கள் வேறொருவருக்கு விற்றுவிட வேண்டாம். ரசீதையும் உறையையும் சேர்த்து அதை அப்படியே சாட்சியமாகப் பாதுகாத்து வையுங்கள்.