நாலு கலர் அச்சு: வாசகர் கேள்விகள்

ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் புதுக் காலண்டர் ஆல்பங்கள் வெளிவந்ததும் நிறம் பற்றிய கேள்விகளும் கூடவே வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் சில.

பச்சை, ஆரஞ்சு, ஊதா என்று ஒவ்வொரு நிறத்துக்கும் பிரஸ்ஸில் தனித்தனி மை கலந்து வைத்திருப்பார்களா? (திண்டுக்கல் வாசகர்)

மல்டிகலர் வேலைக்கு நாலே மைதான்: சியான் (பச்சை சாயும் நீலம்), மெஜந்தா (ஊதா சாயும் ரோஸ்), மஞ்சள், கறுப்பு. இவை டப்பாவில் கலப்பதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகக் காகிதத்தில் விழுகின்றன. பெயின்ட் மாதிரி அடியில் இருப்பதை மூடாமல், இந்த மைகள் ஒளியை ஊடுருவ விடும். சியான் சிவப்பு ஒளியை விழுங்கும், மெஜந்தா பச்சையை, மஞ்சள் நீலத்தை. சியான் மேல் மஞ்சள் விழுந்தால் சிவப்பும் நீலமும் போய் மிச்சம் பச்சை. மெஜந்தா மேல் மஞ்சள் விழுந்தால் குங்குமச் சிவப்பு.

வெளிர் நிறத்துக்காக மையில் எதையும் கலந்து நீர்த்துப்போகச் செய்வதில்லை. படம் பொடிப்பொடிப் புள்ளிகளாகத்தான் அச்சாகிறது, அந்தப் புள்ளியைச் சிறிதாக்குகிறோம். புள்ளிகளுக்கு நடுவே தெரியும் காகிதத்தையும் சேர்த்துப் பார்த்துக் கண் அதை இளஞ்சிவப்பு என்று எடுத்துக்கொள்கிறது. வெள்ளை மை என்று ஒன்று இந்தக் கணக்கிலேயே இல்லை. காலண்டர் லட்சுமியின் மூக்குத்தி பளிச்சென்று மின்னுகிறதே, அந்த இடத்தில் மையே கிடையாது, வெறும் காகிதம்.

மூன்று நிறமும் சேர்ந்தால் கறுப்பு வர வேண்டுமே, பிறகு நாலாவதாகக் கறுப்பு மை எதற்கு? பின்னணியை முழுக் கறுப்பாக வைத்தால் சாம்பல் போல வருகிறது, அது ஏன்? (ஈரோடு, டிசைனர்)

கணக்குப்படி வர வேண்டும்தான். ஆனால் கடையில் கிடைக்கும் மை அவ்வளவு சுத்தமில்லை. சியான் சிவப்போடு நிற்காமல் பச்சையிலும் நீலத்திலும் கொஞ்சம் கை வைக்கும். மெஜந்தாவும் நீலத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அதனால் மூன்றும் 100 சதவீதம், அதாவது காகிதத்தை முழுக்க மூடும்படி, விழுந்தால் கிடைப்பது சேற்றுப் பழுப்பு. சாம்பல் நிறத்திலும் இதே தொல்லை உண்டு. மூன்றையும் 50 வைத்தால் பழுப்படிக்கும். சியான் 50, மெஜந்தா 40, மஞ்சள் 40 என்று வைத்தால் ஏறக்குறைய நடுநிலைச் சாம்பல் வரும்.

எழுத்து விஷயம் இன்னும் மோசம். 8 பாயின்ட் பொடி எழுத்தை மூன்று பிளேட்டில் (மைக்கு ஒன்றாக வரும் அச்சுத் தகடு) அடித்தால், ரிஜிஸ்டர், அதாவது ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடம், ஒரு மயிரிழை விலகினாலும் 'ழ'வின் சுழியில் ஒருபக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் எட்டிப்பார்க்கும். அதனால் எழுத்துக்குக் கறுப்பு மட்டும் போதும். போட்டோஷாப்பில் ஆர்.ஜி.பி.யில் (திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கணக்கு) எழுதிவிட்டு அப்படியே நாலு மைக்கு மாற்றுகிறவர்கள் கவனிக்கவும்: அதன் வழக்கமான அமெரிக்க செட்டிங்கில் அந்தக் கறுப்பு சியான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று ஆகிவிடும். வாசகத்தில் நாலு மையும் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

பெரிய பின்னணியில் நிலைமை தலைகீழ். கறுப்பு 100 மட்டும் வைத்தால், ஆர்ட் பேப்பர் என்ற வழவழப்புக் காகிதத்தில் அது சோகை பிடித்த கறுப்பாகத்தான் நிற்கும். கூடவே சியான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40 கொடுங்கள். மொத்தம் 240 சதவீதம், மெஷின் தாங்கும். பிளேட்டுகளைப் பொருத்தும் குறிகளுக்காக சாஃப்ட்வேரில் இருக்கும் 'ரிஜிஸ்ட்ரேஷன்' என்ற கலரை மட்டும் தொடவே வேண்டாம். பார்க்க நல்ல கறுப்பாகத்தான் இருக்கும், ஆனால் அது நாலு மையும் முழுதாக, 400 சதவீதம். மை காயாமல் மேலே அடுக்கிய தாளின் பின்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மெஷின்மேனைத் திட்டிப் பயனில்லை.

கம்ப்யூட்டரில் நல்ல நீலமாகத் தெரிந்த லோகோ அச்சில் கத்திரிப்பூ நிறமாகிவிட்டது. பிரஸ்ஸின் தவறா? (திருப்பூர்)

பெரும்பாலும் ஃபைலின் தவறு. சியானையும் மெஜந்தாவையும் ஏறக்குறைய சமமாக வைத்தால் மெஜந்தாதான் ஜெயிக்கும். மெஜந்தா சியானைவிட 30 சதவீதமாவது குறைவாக இருக்கட்டும். 100-க்கு 60, 65 என்றால் நீலம் நீலமாகவே நிற்கும். திரை தானே ஒளியை உமிழ்கிறது, காகிதமோ அறையில் உள்ள வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். கண்ணைப் பறிக்கிற நீலம், கிளிப்பச்சை, பளீர் ஆரஞ்சு எல்லாம் நாலு மையின் எல்லைக்கு வெளியே இருப்பவை. அந்த நிறம்தான் வேண்டும் என்றால் ஐந்தாவதாக ஸ்பெஷல் கலர், அதாவது அந்த நிறத்திலேயே கலந்த தனி மை, போட வேண்டும், அதற்கு ஒரு பிளேட் செலவு கூடும். வாட்ஸ்ஆப்பில் பார்த்து நிறத்துக்கு ஓகே சொல்வதையும் நிறுத்துங்கள்.

லென்ஸ் வைத்துப் பார்த்தால் புள்ளிகள் பூப்போல வட்டம் வட்டமாகத் தெரிகின்றன. ஏன்? (பள்ளி ஆசிரியை, தென்காசி)

ஒவ்வொரு மையின் புள்ளி வரிசையும் ஒவ்வொரு கோணத்தில் சாய்ந்திருக்கும். கறுப்பு 45 டிகிரி, சியான் 15, மெஜந்தா 75, மஞ்சள் 0. அழுத்தமான மூன்றுக்கும் இடையே 30 டிகிரி இடைவெளி விட்டால் அந்தப் பூ விழும், தள்ளிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடும். மஞ்சளுக்கு 15 டிகிரி இடைவெளிதான் மிஞ்சுகிறது. வெளிறிய மை என்பதால் பாதகமில்லை. கோணம் பிசகினால் படத்தின் மேல் கட்டம் கட்டமாக அலை ஓடும். அச்சான படத்தை ஸ்கேன் செய்து மறுபடி அடிக்கும்போது வருவதும் அதே அலைதான்.

அதே விளம்பரம் பத்திரிகையில் பளிச், செய்தித்தாளில் அழுக்கு. (மதுரை)

செய்தித்தாள் காகிதம் மையை உறிஞ்சும், புள்ளி பரவும். 50 சதவீதப் புள்ளி 75 பக்கம் போய்விடும். அதனால்தான் செய்தித்தாளுக்கு மொத்த மை 240-க்குள், புள்ளி வரிசை அங்குலத்துக்கு 85 முதல் 100 வரை. ஆர்ட் பேப்பர் 300 வரை தாங்கும், 150, 175 வரிசையும் எடுக்கும். இரண்டுக்கும் ஒரே ஃபைலை அனுப்பாதீர்கள்.

தாத்தா வீட்டு ரவிவர்மா படம் அந்தக் காலத்து அச்சா, மறுபதிப்பா? (காரைக்குடி)

லென்ஸை எடுங்கள். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியபோது நிறத்துக்கு ஒரு அச்சுக்கல் என்று வைத்து, அதன்மேல் கையால் வரைந்து அச்சிட்டார்கள். நாலு மையோடு அது நிற்கவில்லை. மேலே சொன்ன பூ வட்டம் ஒழுங்காகத் தெரிந்தால் உங்களிடம் இருப்பது பிற்கால மறுபதிப்பு. தெரியாவிட்டால் உடனே துள்ளிக் குதிக்க வேண்டாம், விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

கல்யாணப் பத்திரிகையில் தங்க நிறம் நாலு கலரில் வருமா?

வராது. மஞ்சள் கலந்த பழுப்புதான் வரும். தங்க மை அல்லது ஃபாயில்.

கடைக்கு வெளியே ஒட்டிய போஸ்டர் சில மாதத்தில் நீலமாகிவிடுகிறதே? (சேலம்)

சியானின் நிறமியும் கறுப்பின் கரியும் வெயிலைத் தாங்கும். வழக்கமான மஞ்சளும் மெஜந்தாவும் தாங்காது. அவை வெளுத்த பிறகு மிஞ்சுவதுதான் அந்த நீலம். சாதாரண லேமினேஷன் இதற்கு உதவாது. வெயிலில் நிற்கப்போகும் வேலை என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொன்னால், வெயில் தாங்கும் மெஜந்தாவும் மஞ்சளும் போட்டுத் தருவார்கள். விலை கூடும்.