டயலிசிஸ் மெசினுக்குப் பத்து வருடம் முன்னால்

வணக்கம்.
என் மகள் யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் படித்துவிட்டு இப்போது உள்ளகப் பயிற்சியில் இருக்கிறாள். சிறுநீரகமும் பிரஷரும்தான் தன் துறை என்று ஒரே பிடியில் நிற்கிறாள். "வாழ்க்கை முழுக்க டயலிசிஸ் மெசினோட மாரடிக்கப் போறியே, இருதயத்துக்குப் போ" என்கிறார் என் தமையன். அந்தத் துறை வைத்தியருக்கு உண்மையில் என்ன வேலை?
ஒரு தாய், கொக்குவில்

அன்புள்ள சகோதரிக்கு,

பாதை நீளம். உள்ளகப் பயிற்சி ஓராண்டு, பிறகு கொழும்பில் பட்டப்பின் படிப்பு, பொது மருத்துவத்தில் எம்.டி., அதற்கும் மேல் சிறுநீரகப் பயிற்சி. அதில் ஒரு பகுதி வெளிநாட்டில். முப்பதுகளில் பெரும்பகுதி இதற்கே சரி. தனியார் வருமானக் கணக்கு மட்டும் பார்த்தால் தமையன் சொல்வதில் பிழையில்லை.

மெசின் விஷயத்தில்தான் பிழை. டயலிசிஸ் கடைசிக் கட்டம். இந்த வைத்தியரின் கெட்டித்தனம் அதற்குப் பத்து வருடம் முன்னால், கிளினிக்கில் தெரியும்.

ஒருவருக்கு ஐம்பத்தைந்து வயது, சீனி வருத்தம், பிரஷர் 160/95, சலத்தில் புரதம் என்று வையுங்கள். லொசாட்டன் என்ற பிரஷர் குளிசை 50 மி.கி. தொடங்குகிறார்கள். இரண்டு கிழமையில் இரத்தத்தில் கிரியற்றினின் (சிறுநீரகம் வடித்து வெளியேற்றும் கழிவு) 1.2 இலிருந்து 1.5 ஆகிறது. "குளிசைதான் கிட்னியைப் பழுதாக்குது" என்று வீட்டில் நிறுத்திவிடுவார்கள். ஆனால் அந்த ஏற்றம் எதிர்பார்த்ததே. சிறுநீரக வடியிலிருந்து இரத்தம் வெளியேறும் நுண்குழாயை லொசாட்டன் தளர்த்துகிறது. வடிக்குள் அழுத்தம் இறங்க, வடிக்கும் அளவு சற்றுக் குறையும், கசியும் புரதமும் குறையும். கிரியற்றினின் 30 வீதம் வரை ஏறினால் மருந்தைத் தொடர்வதே முறை. அதைத் தாண்டினால் தேட வேண்டும்: வயிற்றோட்டமா, முழங்கால் நோவுக்கு பார்மசியில் வாங்கிய டைக்குளோபினாக்கா, சிறுநீரக நாடி ஒடுங்கியிருக்கிறதா? (டைக்குளோபினாக்கைத் துருவித்தான் கேட்க வேண்டும். அதை ஒரு மருந்தாகவே பலர் கணக்கெடுப்பதில்லை.) இரத்தத்தில் பொற்றாசியம் 5.5 ஐக் கடந்தால் இளநீரையும், "பிரஷருக்கு நல்லது" என்று விற்கும் சோடியம் குறைந்த உப்பையும் விசாரிக்க வேண்டும். அந்த உப்பில் சோடியத்தின் இடத்தைப் பிடித்திருப்பது பொற்றாசியம்.

மூன்று குளிசைக்கும் அடங்காத பிரஷர் என்று வருகிறவரிடம் நாலாவதை எழுதமுன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்: குளிசை போடுகிறாரா, அளந்தது சரியா. விடிய எழும்பி, பஸ் பிடித்து, வரிசையில் நின்றவருக்கு உடனே அளந்தால் ஏறித்தான் இருக்கும். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, கால் ஊன்றி இருக்க வேண்டும்; கை நெஞ்சு மட்டத்தில்; தேத்தண்ணி குடித்து அரை மணியாவது கழிந்திருக்க வேண்டும். தடித்த கைக்குச் சின்னப் பட்டி கட்டினால் கூட்டிக் காட்டும். வீட்டில் ஒரு கிழமை காலையும் மாலையும் இரண்டிரண்டு தரம் எடுத்து, முதல் நாளை விட்டுச் சராசரி பார்த்தால் எல்லை 135/85. இவ்வளவுக்குப் பிறகும் பிரஷர் உயர்ந்து, பொற்றாசியமும் குறைந்திருந்தால் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அதிரினல் சுரப்பியைச் சந்தேகிக்க வேண்டும். இந்தத் துறையின் ருசியே அங்கேதான்.

வவுனியாப் பக்கம் நியமனம் கிடைத்தால் இன்னொன்றும் படிப்பாள். அங்கும் அநுராதபுரத்திலும் காணும் காரணம் தெரியாத சிறுநீரக நோயில் பிரஷர் நெடுநாள் ஏறாமலே இருக்கலாம், சலத்தில் புரதமும் சொற்பம். பிரஷரை மட்டும் நம்பியிருந்தால் நோய் தப்பிவிடும்.

பயிற்சி முடிந்து அடுத்த நியமனத்துக்குக் காத்திருக்கும் மாதங்களில் ஒரு சிறுநீரகக் கிளினிக்கில் போய் இருக்கச் சொல்லுங்கள். ஒரே நோயாளியின் மூன்று வருடக் கொப்பியைப் புரட்டி, கிரியற்றினின், சலப் புரதம், மருந்து மாற்றிய நாள் எல்லாவற்றையும் திகதிவாரியாக எழுதிப் பார்க்கட்டும். அது அலுப்புத் தட்டினால் மாமன் காட்டும் பக்கம் போகலாம்.