துவக்குக் குழல் வரைந்த மகனும் இரசாயனப் பாடமும்

அன்புள்ள அம்மாவுக்கு,

சாதாரண தரப் பெறுபேற்றோடு மகனை அழைத்து வந்த அன்று அவனுடைய அப்பியாசக் கொப்பியையும் கொண்டு வந்து, துவக்குக் குழல்கள் இரண்டைக் குறுக்காக வெட்டி அவன் வரைந்திருந்த பக்கத்தை எனக்குக் காட்டினீர்கள். வன்னியில் ஒரு தாய் அந்தப் படத்தைக் கண்டு ஏன் கலங்குகிறார் என்று எனக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. எனினும் படத்தின் கீழே அவன் எழுதியிருந்தது, ஒன்றுக்குள் புரி (திருகுபோல ஓடும் பள்ளம்) இருக்க மற்றதற்குள் ஏன் இல்லை என்ற கேள்வி மட்டுமே; அது பௌதிகவியல் கேள்வி.

வயற்காவலுக்கு அனுமதிப்பத்திரத்துடன் கமக்காரர் வைத்திருக்கும் 12 போர் துவக்கின் குழல் உள்ளே வழவழப்பானது. அதன் வாய்க்குப் பொருந்தும் ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஓர் இறாத்தல் என்பதே அந்த எண்ணின் பொருள். உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். அதிலிருந்து சிறு சன்னங்கள் கூட்டமாகப் புறப்படுவதால் அவற்றைச் சுழற்றுவது கேடாகவே முடியும்; ஈரத் துணியைச் சுழற்றும்போது துளிகள் தெறிப்பதுபோல அவை விலகிப்போய், நடுவில் வெறுமை விழுந்துவிடும். ரைபிளில் போவது நீண்ட ஒற்றைச் சன்னம். குழலின் உட்சுவரில் வெட்டிய திருகுப் புரிகள் அதைப் பம்பரம்போலச் சுழற்றாவிட்டால் அது காற்றில் குப்புறக் கவிழும். விளையாட்டுப் போட்டிகளில் பயன்படும் 0.22 அங்குல ரைபிளில் புரி வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுகிறது. சன்னம் செக்கனுக்கு 330 மீற்றர் வேகத்தில் புறப்பட்டால், அது செக்கனுக்கு எண்ணூறு தடவைக்கு மேல் சுழலும். இக்கணக்கை அவனே செய்து பார்க்கட்டும்.

இக்கேள்விக்குச் சம்பளம் கொடுக்கும் தொழிலும் உண்டு. புரிகளின் மேடும் பள்ளமும் சன்னத்தின் மேல் கீறல்களாகப் பதிவதால், இரண்டு சன்னங்களை ஒப்பீட்டு நுணுக்குக்காட்டியில் அருகருகே வைத்து, இரண்டும் ஒரே குழலிலிருந்து வந்தவையா என ஆராய முடிகிறது. 1929இல் சிக்காகோவில் நடந்த படுகொலையில் அமெரிக்கத் துவக்கு ஆய்வு நிபுணர் கல்வின் கொடார்ட் இவ்வாறே துவக்குகளை அடையாளம் கண்டார். நம் நாட்டில் நீதிமன்றங்களுக்காக இவ்வகைப் பரிசோதனைகளைச் செய்வது அரச பகுப்பாய்வாளர் திணைக்களம்.

ஆனால் நம் காடுகளில் ஆட்களையும் மாடுகளையும் காயப்படுத்தும் கட்டுத்துவக்கு (கம்பியில் கால் பட்டதும் தானே வெடிக்கும்படி கட்டி வைக்கும் பொறி) பெரும்பாலும் குழலின் வாய்வழியாக வெடிமருந்திடும் இடியன் வகை. அதில் புரியும் இல்லை, சுட்டபின் விழும் ரவையின் வெற்றுக்கோதும் இல்லை. 12 போர் துவக்கிலாவது ஊசி குத்திய தடம் கோதின் அடியில் கிடைக்கும். கட்டுத்துவக்கில் நுணுக்குக்காட்டிக்கு வேலை குறைந்து, மருந்தின் எச்சத்தையும் ஈயத்தையும் பகுத்தாயும் இரசாயனவியல் முன்னே வந்துவிடுகிறது. கணிதம் நன்றாக வருகிறது, இரசாயனம் பிடிக்கவில்லை என்று மகன் சொன்னபோது நான் தலையாட்டாமல் இருந்தது இதனால்தான். உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றையும் அவன் எடுக்கட்டும். பின்னர் வவுனியாப் பல்கலைக்கழகத்தின் பம்பைமடு வளாகமோ, கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமோ, எது வாய்த்தாலும் வழி மூடாது. பெறுபேறு போதாமற் போனாலும், குழலைத் துளைத்துப் புரி வெட்டும் நுட்பத்துக்கு அடிப்படையான கடைச்சல் வேலையைத் தொழிற்பயிற்சியாகக் கற்கலாம். அதைத் தாழ்வாக நினைக்கும் பெற்றோருடன் எனக்கு உடன்பாடில்லை.

கொப்பியைப் பறிக்க வேண்டாம். காணியில் பழைய ரவையோ கோதோ தென்பட்டால் ஆர்வத்தில் தொடாமல், உங்களிடம் சொல்லி உடனே பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும் என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். அடுத்த முறை வரும்போது அந்தச் சுழற்சிக் கணக்கையும் அவன் கொண்டுவரட்டும்.