பதில்: ஒதுங்கிய திமிங்கலம் எங்கிருந்து வந்தது?

ராமநாதபுரம் கடற்கரை ஊரான வாலிநோக்கத்தில் ஒதுங்கிய திமிங்கலத்தின் தோல் துண்டை ஃபார்மலினில் போட்டு வைத்திருப்பதாகவும், டிஎன்ஏ பார்த்து அது எங்கிருந்து வந்தது என்று அறிய முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

முதலில் ஃபார்மலின். அது டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். தப்பிய சிறு துண்டுகளை வைத்து இனத்தைச் சொல்லலாம், அதற்குமேல் கஷ்டம். 95% எத்தனால்தான் சரி. அதுவும் கிடைக்காவிட்டால் நிறைய உப்பு. நம்மூர்க் கருவாட்டுக் கணக்குதான்.

செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்புக்குள் தனியாக ஒரு டிஎன்ஏ உண்டு. தாய் வழியாக மட்டும் வரும் அந்த டிஎன்ஏதான் இதில் முக்கியம். வெப்பக் கடலில் பிறக்கும் கூன்முதுகுத் திமிங்கலக் குட்டி, தாயோடு போய்த்தான் துருவப் பக்கம் இரை தேடும் கடலைப் பழகுகிறது. அதனால் ஒவ்வொரு மேய்ச்சல் கடலிலும் தாய்வழி வகைகளின் விகிதம் மாறும். ஆனாலும் ஒப்பிட, இரை தேடும் கடல், இனம்பெருக்கும் கடல் இரண்டிலிருந்தும் மாதிரிகள் வேண்டும். ஒற்றைத் துண்டு பாதையைச் சொல்லாது. ஒரே விலங்கை இரண்டு இடத்திலும் அடையாளம் காண மைக்ரோசாட்டிலைட் குறிகள் உண்டு; அதாவது, திரும்பத் திரும்ப வரும், விலங்குக்கு விலங்கு நீளம் மாறும் டிஎன்ஏ பகுதிகள். 1997இல் வட அட்லாண்டிக்கில் அப்படித்தான் கரீபியனில் இனம்பெருக்கியவற்றை வடக்கே மேயும் இடங்களோடு பொருத்தினார்கள்.

ஆனால் எல்லாத் திமிங்கலமும் துருவம் வரை போவதில்லை. அரபிக்கடல் கூன்முதுகுகள் சுமார் 70,000 ஆண்டுகளாகத் தனித்தே இருப்பதை மரபணுவே காட்டியது. மன்னார் வளைகுடாவில் ஒதுங்கும் பிரைட்ஸ் திமிங்கலமும் ஆண்டு முழுக்க வெப்பக் கடல்வாசிதான். உங்களுடையது அதுவென்றால் கேள்வியே மாறிவிடும்.

அப்புறம், 1972 வனவிலங்குச் சட்டப்படி அனுமதியில்லாமல் அந்தத் துண்டை வைத்திருப்பது குற்றம். ராமநாதபுரம் வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். ஒதுங்கிய தேதி, இடம், நீளம், புகைப்படம் எல்லாம் சேர்த்துக் கொடுங்கள்.